தண்ணீருக்கு அஞ்சும் பிள்ளையும் நாங்களும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பில் 40 பேர் இருந்தோம். நீந்தத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இதுதான் நிலை. கீரிமலைக்குப் போனால் அண்ணன்மார் கேணி மதிலில் ஏறிக் குதிப்பார்கள். நாங்கள் பெண்கள் கேணியில் படியைப் பிடித்தபடி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஏறிவிடுவோம். பிறகு 2004 மார்கழி 26 வந்தது. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் உறவுகளைப் பறிகொடுத்த பின், பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டவே பயந்தோம். அந்தப் பயத்தைப் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம் என்பது, சனிக்கிழமைகளில் சின்னவர்களை நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப்போகத் தொடங்கிய பிறகே எங்களுக்கு விளங்கியது.

ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி நான்கு சனிக்கிழமைகள் விளிம்பில் இருந்து காலை மட்டும் நனைத்தாள். முன்பு யாரோ உறவினர், தள்ளிவிட்டால் தானாக நீந்துவாள் என்று தள்ளிவிட்டிருக்கிறார். தள்ளினால் பிள்ளை நீந்தாது, திடுக்கிட்டு மூச்சை இழுத்துத் தண்ணீரைக் குடிக்கும். நாங்கள் அவளை அவசரப்படுத்தவில்லை. வீட்டில் தாய் பக்கத்தில் இருக்க, பேசின் தண்ணீரில் வாயை வைத்துக் குமிழி ஊதப் பழக்கச் சொன்னோம். ஐந்தாம் கிழமை அவளே கையை நீட்டினாள்.

மல்லாந்து மிதக்கப் பழக்கும்போது தலையை எங்கள் தோளில் சாய்த்துக்கொள்வோம். காது தண்ணீருக்குள் போனதும் சத்தமெல்லாம் மாறிப்போகும். பிள்ளைகள் வெருளுவது அதில்தான், ஆகவே முன்னரே சொல்லி வைப்போம். இன்னொன்று, விடமாட்டேன் என்று சொன்னால் விடவே கூடாது. எங்களில் ஒருவர் “பிடிச்சிருக்கிறன், பிடிச்சிருக்கிறன்” என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிட்டார். பிள்ளை மிதக்கத்தான் செய்தாள். ஆனால் தெரிந்ததும் அழுது, இரண்டு கிழமை அவரிடம் போகவே இல்லை. இப்போது “மூன்று எண்ணும்வரை விடட்டோ?” என்று கேட்டுத்தான் விடுகிறோம். விட்டாலும் கை எட்டும் தூரத்திலேயே நிற்கிறோம். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது.

பெரிய தடை கரையில் இருந்தது. “ஐயோ, கவனம் பிள்ளை, ஆழம்!” அந்தச் சத்தத்தில் மிதக்கும் பிள்ளையின் உடம்பு விறைக்கும், இடுப்பு மடங்கும், கால் தாழும். கத்தியது வேறு யாருமல்ல, அம்மம்மாமாராகிய நாங்கள்தான். கடைசியில் எங்களில் ஐந்து பேர், முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையுமாக நீச்சல் உடுப்பு எடுத்து, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு இறங்கினோம். 62 வயதில் குமிழி ஊதினோம். எங்களில் ஒருவர் மல்லாந்து படுக்கப் பயந்து நின்றபோது அந்தச் சின்னவள் பக்கத்தில் வந்து, “காதுக்குள்ள தண்ணி போகும் அம்மம்மா, பயப்பிடாதேங்கோ” என்றாள்.

அடுத்த தவணையில் புதிதாகச் சின்னவர்கள் வருகிறார்கள். தண்ணீருக்குள் நிற்க இன்னும் இரண்டு பேர் தேவை. நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை, இடுப்பளவுத் தண்ணீர்தான், பயிற்றுநர் பக்கத்தில் இருப்பார். உரை முடிந்ததும் எங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.