ஏலப் போட்டியும் எளிய பங்குதாரரும்



பெங்களூரில் பிரேசர் டவுன் போன்ற பழைய பகுதிகளின் தெருக்களில், கம்பத்திலிருந்து மாடிக்கும் மாடியிலிருந்து மரத்துக்கும் தாவிச் செல்லும் கேபிள் கம்பிகளைக் காணாதார் இலர். கம்பி அற்பப் பொருளே; ஆயினும் அது சென்றடையும் இல்லம் மாதந்தோறும் கட்டணம் செலுத்துகின்றது. புதிதாகக் கம்பி இழுத்து வீடு வீடாக வாடிக்கை சேர்ப்பதினும், முன்னரே சேர்த்து வைத்திருக்கும் கம்பெனியை வாங்கிவிடுதல் பெருநிறுவனங்களுக்கு எளிது. கேபிள் கம்பெனிகளைப் பற்றிய வதந்திகள் பங்குச் சந்தையில் அடிக்கடி எழுவதன் காரணம் இதுவே.

வாங்க வருவோர் இருவராயின் விலை ஏறும். அமெரிக்காவின் டைம் வார்னர் கேபிள் கம்பெனிக்கு 2014 ஜனவரியில் சார்ட்டர் நிறுவனம் பங்கொன்றுக்கு 132.50 டாலர் தர முன்வந்தது. மறு மாதமே காம்காஸ்ட் நிறுவனம் ஏறத்தாழ 159 டாலர் மதிப்புக்குப் பேசி முடித்தது. அரசு அதிகாரிகள் இசைய மறுக்கவே, 2015 ஏப்ரலில் அது விலகிற்று. மே மாதத்தில் சார்ட்டர் மீண்டும் வந்து, ஏறத்தாழ 196 டாலருக்குக் கம்பெனியைப் பேசி முடித்தது.

இதனைக் கேட்போர், கேபிள் கம்பெனி எதுவாயினும் வாயிலில் இரு மாப்பிள்ளைகள் வந்து நிற்பர் என்று கருதிவிடலாகாது. நம் நாட்டில் நிகழ்ந்தது வேறு. 2018 அக்டோபர் 17 அன்று ரிலையன்ஸ் நிறுவனம், டென், ஹாத்வே ஆகிய இரு கேபிள் கம்பெனிகளையும் தன் வசமாக்கும் முடிவை அறிவித்தது. ஹாத்வேயின் 51.3 விழுக்காட்டுப் பங்குக்கு 2,940 கோடி ரூபாய் என்று தொகை குறிக்கப்பட்டது. ஆனால் அத்தொகை பழைய பங்குதாரர் கைக்கு உரியதன்று; புதிதாக வெளியிடப்படும் பங்குகளின் விலையாகக் கம்பெனிக்கே செல்வது. பங்கொன்றின் விலை 32 ரூபாய் 35 காசு.

சிறு பங்குதாரருக்குச் சட்டம் ஒரு காப்பு அளித்துள்ளது. செபியின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு கம்பெனியில் 25 விழுக்காடோ அதற்கு மேலோ வாக்குரிமை பெற முற்படுபவர், ஏனையோரிடமிருந்து குறைந்தது 26 விழுக்காட்டை வாங்கிக்கொள்ளப் பொது அழைப்பு விடுத்தல் வேண்டும். விரிவான அறிவிப்பு வெளிவந்த 15 வேலை நாட்களுக்குள் போட்டியாளர் எவரும் எதிர் அழைப்பு விடுக்கலாம். ஹாத்வேக்கு அத்தகைய போட்டி எழவில்லை. வதந்தியை நம்பி 32 ரூபாய் 35 காசுக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தவருக்கு, அந்த அழைப்பினால் ஆதாயம் ஏது?

ஏலப் போட்டியின் விலை, கம்பெனியின் வருவாயை மட்டும் பொறுத்ததன்று. வாங்குவோரின் வேட்கையையும் அரசின் இசைவையும் பொறுத்தது. இவ்விரண்டையும் முன்கூட்டி அறிய நம்மிடம் வழியில்லை. செய்தி நம் செவிக்கு எட்டும் முன்னரே, அதன் பயன் பெரும்பாலும் விலையில் ஏறிவிட்டிருக்கும்.

ஆகவே, ஓய்வூதியத்திலோ மகளின் திருமணச் சேமிப்பிலோ கை வைத்துப் பங்கு வாங்க எண்ணுவோர், முதலில் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுதல் நன்று: வாங்க வருபவர் ஒருவரும் வாராவிடினும் இப்பங்கை நான் வைத்திருப்பேனா? ஆம் என்று உள்ளம் துணிந்து கூறுமாயின் வாங்கலாம். தயங்குமாயின், அது முதலீடன்று; பிறருடைய ஏலத்தில் நம் பணத்தைப் பணயம் வைப்பதாகும்.