கொள்ளைநோய்க் காலத்தில் குடிக்கூலி வீடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதே வழக்கம். அப்பணியை இம்மேடையில் வீற்றிருக்கும் அறிஞர்கட்கே விட்டுவிட்டு, குடிக்கூலி வீட்டைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். பிழைப்பை நாடி மைசூருக்கு வந்த தமிழருள் முதல் நாளே சொந்த வீட்டில் குடிபுகுந்தவர் மிகச் சிலரே. ஆதலின் இது நம் எல்லோருடைய பேச்சுமாகும்.

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது பழமொழி. இந்நகரின் வீட்டு வரலாற்றையும் எலியைக் கொண்டே தொடங்கலாம். 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய், 1898 ஆகஸ்டில் ஹூப்ளியிலிருந்து இரயில் வழியாகப் பெங்களூரை அடைந்தது; விரைவில் மைசூரிலும் புகுந்தது. மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அப்போது சிறுவராயிருந்தமையால், அவர்தம் அன்னையார் மகாராணி வாணி விலாச சந்நிதானம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார்; சர் கே. சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்தார். காற்றும் வெளிச்சமும் நுழையாத நெருக்கமான சந்துகளே நோயின் கோட்டை என்று அக்கால அரசுகள் கருதின. பெங்களூரில் மல்லேசுவரமும் பசவனகுடியும் விரைந்து வளர்ந்தன. பம்பாயில் 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1903இல், மைசூரும் அத்தகையதொரு டிரஸ்ட் போர்டைப் பெற்றது. வெளியூரிலிருந்து வரும் உறவினர்க்கு நாம் பெருமையோடு காட்டும் அகன்ற வீதிகள் பலவற்றின் பின்னே அப்பெருநோயின் நிழல் உண்டு.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. புதிய மனை, வாங்க வல்லவர்க்கே பயன்பட்டது. பம்பாய் டிரஸ்ட் தன் தொடக்க ஆண்டுகளில் ஏழைகளுக்குக் கட்டித் தந்த அறைகளைக் காட்டிலும் இடித்த அறைகளே மிகுதி. சந்து ஒழிந்தது, சந்தில் ஒண்டிக்குடித்தனம் செய்தவனோ வேறொரு சந்தைத் தேடிச் சென்றான். நகரத்தைத் திருத்துவது வேறு, நகரத்தில் வாழ்பவனைக் காப்பது வேறு என்பதை அன்றைய நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

இனி, நாமே கண்ட காலத்திற்கு வருவோம். 2020 மார்ச் 22ஆம் நாள் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 25ஆம் நாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றைச் சார்ந்து நோய் பரவியதால் மைசூர் மாவட்டம் பெரும் அச்சத்தில் ஆழ்ந்தது. “வீட்டிலேயே இருங்கள்” என்பது கட்டளை. நல்ல கட்டளைதான். ஆனால் அன்றாடம் கூலி பெற்று வாடகை கொடுப்பவன் கூலியின்றி எத்தனை நாள் அவ்வீட்டில் இருக்க முடியும்? வீடே இல்லாதவன் எங்கே இருப்பான்?

இவ்வினாக்கள் அரசின் செவியில் விழாமல் இல்லை. 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணை பிறப்பித்தது. புலம்பெயர் தொழிலாளர் உள்ளிட்ட கூலியாட்களிடம் ஒரு மாதத்திற்கு வாடகை கேட்கலாகாது; தொழிலாளரையோ மாணவரையோ வெளியேற வற்புறுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றது அது. வழியில் தவிப்போர்க்குத் தங்குமிடமும் உணவும் அளிக்க மாநிலங்கள் பணிக்கப்பட்டன. நம் மாநகராட்சியும் வீடற்றோர்க்கு இடம் தேடிற்று. வினோபா சாலையிலுள்ள நஞ்சராஜ பகதூர் சத்திரம் அந்நாளில் அவர்தம் புகலிடமாயிற்று. வழிப்போக்கர்க்குச் சத்திரம் கட்டிய முன்னோரின் அறம், நோய்க்காலத்தில் நமக்குக் கைகொடுத்தது.

ஆயினும் ஆணையில் ஒரு குறை இருந்தது. ஒரு மாத வாடகை முற்றும் தள்ளப்பட்டதா, பின்னர் கொடுக்கவேண்டிய கடனாக நின்றதா என்று அது தெளிவுறக் கூறவில்லை. இரண்டாம் மாதத்தைப் பற்றியும் பேசவில்லை. நிறைவேற்றும் பொறுப்பு மாவட்ட ஆட்சியர்க்கும் காவல்துறைக்கும் உரியதாயிற்று. தான் குடியிருக்கும் வீட்டுக்காரர் மீது காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கும் துணிவு எத்தனை ஏழைகளுக்கு வரும்?

தில்லியில் இன்னொன்று நிகழ்ந்தது. வாடகை கொடுக்க இயலாதார்க்கு அரசே கொடுக்கும் என்று முதலமைச்சர் மார்ச் 29இல் அறிவித்தார். அவ்வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும் என 2021 ஜூலையில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். செப்டம்பரிலேயே இரு நீதிபதிகள் அதனை நிறுத்திவைத்தனர். வாக்குறுதி நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கையில் வாடகை நிற்குமா? அது மாதந்தோறும் வந்துகொண்டேயிருக்கும்.

இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன் ஆதலின் மற்றொன்றையும் கூறவேண்டும். 2020 மே முதல் நாளிலிருந்து தொழிலாளர் சிறப்பு வண்டிகள் ஓடின. மே 5ஆம் நாள், கட்டட அதிபர்களோடு பேசிய பின்னர், கருநாடக அரசு அவ்வண்டிகள் இனி வேண்டா என்று எழுதிற்று. கண்டனம் எழுந்ததும் சில நாட்களில் முடிவை மாற்றிக்கொண்டது. வேலைக்கு ஆள் வேண்டும் என்று நிறுத்திவைக்கத் துணிந்த நகரம், அவ்வாள் தங்கும் கூரைக்குப் பொறுப்பேற்றதா? பலர் ஊர் திரும்ப விழைந்தமைக்கு நோயச்சத்தோடு வாடகை அச்சமும் காரணம் அன்றோ?

நிலையான சட்டம் உண்டா எனலாம். 1999ஆம் ஆண்டின் கருநாடக வாடகைச் சட்டம் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகை வீடுகளுக்கு எங்கும் பொருந்தாது. இன்று அத்தொகைக்குள் கிடைக்கும் வீடு எத்தகையது என்பதை நீங்களே அறிவீர்கள். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு முன்பணம் இரண்டு மாத வாடகையை மிஞ்சலாகாது என்கின்றது. பத்து மாத முன்பணம் கேட்டுப் பழகிய நம் பகுதிக்கு அது புதுமையே. ஆனால் மாதிரிச் சட்டம் மாநிலம் மேற்கொண்டாலன்றி உயிர் பெறாது. வீடற்றோர் திட்டமோ, இலட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஒரு விடுதி என்று கணக்கிட்டது. 2011 கணக்குப்படி ஏறத்தாழ 9 இலட்சம் மக்கள் வாழும் இந்நகருக்கு ஒன்பது விடுதிகளாவது வேண்டும்.

அன்பர்களே, இச்சங்கத்தில் வாடகை கொடுப்போரும் உளர். வாடகை வாங்குவோரும் உளர். ஓய்வூதியமின்றி, ஒரு பகுதியின் வாடகையைக் கொண்டே மருந்தும் அரிசியும் வாங்கும் மூதாட்டியாரும் நம்மிடையே உண்டு. அவர் தலையில் முழுச் சுமையையும் ஏற்றுவது நீதியன்று. ஆகவே நான் வேண்டுவது மூன்று.

முதலாவது, சொத்து வரி மாநகராட்சியின் கையில் உள்ளது. பேரிடர்க் காலத்தில் வாடகையைத் தள்ளித் தரும் உரிமையாளர்க்கு வரியில் அதற்கேற்ற தள்ளுபடி தருதல் வேண்டும். இழப்பை மூவரும் பகிர்ந்தால் எவரும் ஒடியார்.

இரண்டாவது, ஒவ்வொரு வட்டாரத்திலும் தங்கத் தகுந்த சத்திரம், பள்ளி, கூடம் ஆகியவற்றின் பட்டியலை நோய் வருமுன்னரே எழுதி வைத்தல் வேண்டும். வெள்ளம் வந்தபின் அணை கோலுதல் இயலாது.

மூன்றாவது, நம் சங்கத்திற்கு. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் பெறவும், மாதந்தோறும் ரசீது வாங்கவும், கன்னடத்தில் விண்ணப்பம் எழுதவும் புதிதாக வருவோர்க்கு நாம் துணை நிற்போம். இடர்க்கால வாடகைக்கென ஒரு சிறு நிதியையும் இவ்வாண்டே தொடங்குவோம். அதனைத் தமிழர்க்கு மட்டும் என்று வேலியிட வேண்டா. நமக்கு இடம் தந்த ஊரில், அடுத்த அறையில் தங்கியிருக்கும் பீகார்த் தொழிலாளியும் வடகருநாடகத்துக் கூலியும் நம் அயலாரே.

பிளேக் நோய் இந்நகருக்கு அகன்ற தெருக்களைத் தந்தது. கொரோனா நோய்க்குப் பின்னர் நாம் எதைக் கட்டினோம் என்று நம் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். குடியிருப்பவனை அஞ்சாமல் குடியிருக்கச் செய்தோம் என்று விடை கூறும் தகுதியை நாம் ஈட்டுவோமாக.