இரண்டரை மணி நேரச் சாப்பாடு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் 2006ல் இங்கே மெக்கானிக்கல் சேர்ந்து 2010ல் வெளியே போனவன். இப்போது ஜப்பானில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஜப்பானியத் தரக் கட்டுப்பாடு பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். அதைப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்தச் சபையில் பத்துப் பேராவது இருக்கிறீர்கள். ஆகவே நான் ஒரு மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஏழு நிமிஷத்தில் தட்டைக் காலி செய்து பழகிய நமக்கு இது தேவையான பேச்சுதான்.

நான் குடியிருப்பது இச்சினோமியா என்னும் ஊர். நாகோயாவிலிருந்து ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். கம்பளித் துணிக்குப் பேர் போன நெசவூர். அங்கே தெருவுக்குத் தெரு சின்னச் சின்னக் காப்பிக் கடைகள் உண்டு. 'கிஸ்ஸாதென்' என்பார்கள். ஜப்பானின் முதல் காப்பிக் கடை 1888ல் தோக்கியோவின் உவெனோ பகுதியில் திறக்கப்பட்டது. அது சில வருஷத்தில் மூடப்பட்டாலும் பழக்கம் பரவிவிட்டது. 1981ல் நாடு முழுவதும் ஒன்றரை லட்சம் கடைகளுக்கு மேல் இருந்தன. இன்று அதில் பாதிகூட இல்லை. பெரிய கம்பெனிக் கடைகள் வந்துவிட்டன, சிறு கடைகளை நடத்தியவர்களுக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் எங்கள் ஊரில் இந்தக் கடைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1950களில் அங்கே நெசவு கொடிகட்டிப் பறந்தது. அந்தக் காலத்தைக் 'காச்சாமான்' என்பார்கள். 'காச்சா' என்றால் தறி அடிக்கும் சத்தம், 'மான்' என்றால் பத்தாயிரம். தறி ஒரு தரம் 'காச்சா' என்றால் பத்தாயிரம் யென் லாபமாம்! ஆனால் அந்தச் சத்தத்தில் வியாபாரம் பேச முடியுமா? வந்தவர்களை முதலாளிகள் பக்கத்துக் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பேசினார்கள். தினமும் வருகிறார்களே என்று கடைக்காரர்கள் காலைக் காப்பியோடு வேர்க்கடலையும் அவித்த முட்டையும் சும்மாவே கொடுத்தார்கள். பிறகு ரொட்டியும் சேர்ந்துகொண்டது. இன்றும் காலையில் காப்பிக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும், ரொட்டியும் முட்டையும் கூடவே வரும்.

இந்தக் கதையை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அதில் எனக்கும் ஒரு பாடம் இருந்தது என்பது 2023 ஏப்ரல் வரை தெரியாது.

அந்த மாதம் அப்பாவையும் அம்மாவையும் ஜப்பானுக்கு அழைத்திருந்தேன். என் அப்பா சோமனூரில் 31 வருஷம் விசைத்தறி ஓட்டினவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்து போய்விடுவார். எதைச் சொன்னாலும் ஒரு 'ம்'. கவுன்சலிங் முடிந்து ஓடிவந்து, "அப்பா, சீட் கெடச்சிருச்சு" என்று இந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்ன அன்றும் அதே 'ம்'தான். பதினேழு வருஷமாக அந்த 'ம்' என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது என்பதை இன்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை, எங்கள் தெருமுனைக் கடைக்கு ஐந்து பேரும் சாப்பிடப் போனோம். ஆறு மேஜை, மெத்தென்ற பழைய சோபா, தாழ்வான மரக்கூரை. கடைக்காரம்மாவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். தனி ஆளாக நடத்துகிறார். உட்கார்ந்ததும் ஐஸ் தண்ணீரும், சுருட்டிய சூடான ஈரத் துண்டும் வரும். அது கை துடைக்க. என் அப்பா முகம், கழுத்து எல்லாம் துடைத்து, "நல்லா இருக்குது" என்றார்.

அம்மாவுக்குச் சனிக்கிழமை விரதம். ஜப்பானில் சைவம் கஷ்டம். காய்கறிக் குழம்பு என்பார்கள், உள்ளே காய்ந்த மீன் ஊறிய தண்ணீர் இருக்கும். அதனால் அம்மாவுக்கு 'ஓகுரா டோஸ்ட்' சொன்னேன். கனமான ரொட்டியை வாட்டி, வெண்ணெய் தடவி, மேலே சிவப்புப் பயறை வேகவைத்துச் சர்க்கரை போட்டு மசித்த விழுதை வைப்பார்கள். நாகோயாப் பக்கத்துப் பலகாரம். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "அட, இது நம்ம ஒப்புட்டுப் பூரணந்தான் கண்ணு" என்றார். மகளுக்குச் சூடான இரும்புத் தட்டில், கீழே முட்டை ஊற்றி, தக்காளி சாஸில் பிரட்டிய ஸ்பகெட்டி. அப்பாவுக்கு ஓமுரைஸ், அதாவது தக்காளி சாஸில் கோழி போட்டுக் கிளறிய சோற்றை முட்டை ஆம்லெட்டில் சுற்றிக் கொடுப்பது. எனக்கும் மனைவிக்கும் அன்றைய சாப்பாடு.

ஆர்டர் எடுத்த அந்த அம்மா உள்ளே போகவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் மெதுவாக ஜப்பானியில் கேட்டார்: "உங்கள் அப்பா தறியில் வேலை பார்த்தவரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்றேன்.

"என் வீட்டுக்காரரும் தறிக்காரர்தான். இந்த ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் இப்படித்தான் இருந்தார்கள். பேசுகிறவர் வாயையே பார்ப்பார்கள். ஒரு காதை முன்னே திருப்புவார்கள். புரியாவிட்டாலும் 'ம்' என்று தலையாட்டிவிடுவார்கள்" என்றார்.

சொல்லிவிட்டு, அடுப்படிக்குத் தள்ளி இருந்த மூலை மேஜைக்கு எங்களை மாற்றினார். அப்பாவைச் சுவர் ஓரமாக, எல்லோர் முகமும் தெரிகிற மாதிரி உட்கார வைத்தார். ரேடியோவை நிறுத்தினார். "கொயுக்குரி" என்றார். நிதானமாக இருங்கள் என்று அர்த்தம்.

நண்பர்களே, என் வேலை என்ன தெரியுமா? சத்தமும் அதிர்வும் அளப்பது! நாள் முழுக்க மைக்ரோஃபோன் வைத்து டெசிபல் கணக்குப் பார்க்கிறவன் நான். 85 டெசிபலில் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 3 டெசிபல் ஏற ஏற அந்த நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலுக்குக் கால் மணி நேரந்தான் என்பது எனக்கு மனப்பாடம். தறிக்கூடத்தில் சத்தம் 100 டெசிபலைத் தொடுவது சாதாரணம். முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர் ஒலிகள். குரல் காதில் விழும், ஆனால் ச, த, ப எல்லாம் கலங்கிப்போகும். பின்னால் டிவி, மிக்ஸி, மின்விசிறி ஓடினால் சுத்தமாகப் புரியாது. இவ்வளவும் தெரிந்த எனக்கு, எதிரே உட்கார்ந்த அப்பாவைத் தெரியவில்லை. காப்பி போடுகிற ஒரு பாட்டிக்குத் தெரிந்தது.

அதன் பிறகுதான் சாப்பாடே ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். அந்த அமைதியில் அப்பா பேசினார். ஓமுரைஸைப் பாதி சாப்பிட்டுவிட்டுத் தறிக் கதை சொன்னார். காச்சாமான் கதையை நான் சொன்னதும், "தறி எந்த ஊர்ல ஓடுனாலும் ஒரே சத்தந்தான்" என்று சிரித்தார். கடைக்காரம்மா மேஜைக்கே சைஃபனைக் கொண்டுவந்து காப்பி போட்டார். கீழ்க் குடுவையில் தண்ணீர் கொதித்து ஆவியின் அழுத்தத்தில் மேலே ஏறுகிறது, நெருப்பை எடுத்ததும் கீழே வெற்றிடமாகி, காப்பி வடிகட்டி வழியாக இறங்குகிறது. என் மகளும் அவள் தாத்தாவும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். "தானா மேல போயி தானா கீழ வருதே!" என்று அப்பா இன்னொரு காப்பி சொல்லச் சொன்னார், குடிக்க அல்ல, பார்க்க.

அந்த இரண்டாவது காப்பியின்போதுதான் நான் கேட்டேன். "அப்பா, சீட் கெடச்சப்போ நீங்க ஒண்ணுமே சொல்லலியே?"

அப்பா கொஞ்ச நேரம் கோப்பையைப் பார்த்தார். "நீ ஓடியாந்து என்னமோ சொன்னே கண்ணு. எனக்கு வெளங்குல. மறுபடி கேட்டா உன் சந்தோசம் கெட்டுப்போகும்னு உட்டுட்டேன். ராத்திரி உங்கம்மா காதுகிட்ட வந்து சொன்னா. அப்ப நீ தூங்கிட்டே" என்றார்.

அம்மா சொன்னார்: "அன்னைக்கு ராத்திரி உங்கப்பா தூங்கவே இல்ல."

மேஜையில் யாரும் பேசவில்லை. என் மகள்தான், "தாத்தா, தண்ணி மறுபடி மேல போகுமா?" என்று காப்பாற்றினாள்.

பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தவர்கள் மூன்று மணிக்கு எழுந்தோம். பில் ஐந்தாயிரம் யென்னைச் சொச்சம் தாண்டியது. யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, டிப்ஸும் கிடையாது. அந்தக் கடைகளில் நாம் காசு கொடுப்பது காப்பிக்கு மட்டுமல்ல, அந்த நாற்காலிக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் என்பது அன்று புரிந்தது.

மறுநாள் அப்பாவுக்குக் காப்பிச் சீட்டு வாங்கினேன். பத்துக் காப்பி விலைக்குப் பதினோரு சீட்டு. பெயர் எழுதிக் கடைச் சுவரிலேயே மாட்டிவிடுவார்கள். பாஷை தெரியாத அப்பா தினம் காலையில் தனியாக நடந்துபோய்ப் பழகிவிட்டார். ஊர் திரும்பியதும் கோயமுத்தூரில் ஆடியோகிராம் எடுத்தோம். இரண்டு காதிலும் நல்ல பாதிப்பு. உள்காதில் செத்துப்போன செல் திரும்ப வராது என்றார்கள். கருவி மாட்டியிருக்கிறார். முழுசாகச் சரியில்லை, ஆனால் பேத்தியோடு ஃபோனில் பேசுகிறார்.

நம்மில் பலர் மில், தறி, லேத், பஸ் டிரைவர் வீட்டுப் பிள்ளைகள். என் வேண்டுகோள் இரண்டுதான். பெற்றோர் காதைப் பரிசோதித்துப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு மத்தியானம் டிவியை அணைத்து, ஃபோனை எடுத்து வைத்துவிட்டு, முகம் தெரிகிற மாதிரி எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள். ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை.

இச்சினோமியாவில் அந்தச் சுவரில் அப்பா பெயரில் இன்னும் இரண்டு சீட்டு பாக்கி இருக்கிறது. கடைக்காரம்மா எடுக்கவிடவில்லை. அடுத்த வருஷம் வந்து குடிக்கட்டும் என்கிறார்.