எங்கள் வாசலின் ஹைட்ரேஞ்சியா
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேசும் இம்மேடையில், எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு செடியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

நாம் வாழும் இக்குர்சியாங் ஏறத்தாழ 4,800 அடி உயரத்தில் உள்ளது. சமவெளி வெயிலில் வாடிவிடும் ஹைட்ரேஞ்சியா இங்கே வேலியோரமெங்கும் செழிக்கின்றது. கொடைக்கானலைக் கண்டவர்கள் இப்பூவை அறிவர். இதன் தாயகம் ஜப்பான். பெயருக்குக் கிரேக்க மொழியில் 'நீர்க்கலம்' என்று பொருள். காயின் வடிவு நோக்கி இட்ட பெயராயினும், இச்செடியின் நீர்வேட்கைக்கும் அது பொருந்தும்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசற்புதரை நட்டவர் முன்பு அங்கே குடியிருந்தவர் யாரோ. குடிபுகுந்த முதல் தை மாதத்தில், இலையுதிர்ந்து குச்சியாய் நின்ற அதனைப் பட்டுப்போனதென்று எண்ணி அடியோடு வெட்டினோம். அவ்வாண்டு இலை தழைத்தது, பூ இல்லை. மண்ணைப் பழித்தோம், எரு இட்டோம். மறு தையிலும் வெட்டினோம். மறுபடியும் பூ இல்லை. வேரோடு களையக் கடப்பாரை எடுத்த வேளையில், அவ்வழி வந்த முதிய தோட்டக்காரர் ஒருவர், "குற்றம் செடியினுடையதன்று; உங்கள் அரிவாளினுடையது" என்றார்.

அவர் உரைத்த உண்மை இதுதான். இச்செடி மறு கோடைக்குரிய பூமொட்டை, குளிர் வருமுன்பே பழைய தண்டில் உருவாக்கிவிடுகின்றது. தையில் தண்டை வெட்டுவோர் வரவிருக்கும் பூவையே வெட்டுகின்றனர். பூத்து ஓய்ந்தவுடன், வாடிய கொத்தின் கீழே முதலில் காணும் பருத்த மொட்டிணைக்குச் சற்று மேலே கத்தரித்தால் போதும். பட்டுப்போன தண்டை மட்டும் அடியோடு நீக்கலாம்.

பக்கத்து வீட்டில் நீலமாய்ப் பூப்பது எங்கள் சுவரோரத்தில் இளஞ்சிவப்பாய்ப் பூப்பதேன் என்று வினவுவோர் உண்டு. மண்ணின் புளிப்பே காரணம். தேயிலைக்கு உகந்த புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்வழியே ஏறிப் பூவை நீலமாக்கும். பி.எச். அளவு 5.5-க்குக் கீழே நீலம், 6.5-க்கு மேலே இளஞ்சிவப்பு. வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு மண்ணில் சிந்தினால் நிறம் மாறக்கூடும். வெள்ளைப் பூவினம் மட்டும் இவ்வாறு மாறுவதில்லை.

காலை வெயில், பிற்பகல் நிழல், நீர் தேங்காத மண், வேரின்மேல் இலைமக்கு. இவையே இதன் தேவைகள். இலையும் மொட்டும் நச்சுத்தன்மை உடையவை. குழந்தைகளும் ஆடுமாடுகளும் தின்னாதவாறு காத்தல் வேண்டும்.

பூவாத இளந்தண்டை ஐந்து அங்குலம் நறுக்கி, கீழிலைகளைக் களைந்து, மணலும் இலைமக்கும் கலந்த சாடியில் நட்டு நிழலில் வைத்தால், மூன்று நான்கு வாரங்களில் வேர்விடும்.

"இன்றோ நாளையோ மாற்றல் உத்தரவு வரும், நமக்கேன் செடி?" என்பர் சிலர். எங்கள் புதரை நட்டவரின் பெயரையும் நாங்கள் அறியோம். ஆயினும் ஆண்டுதோறும் அவர் விட்டுச் சென்ற பூவைக் காண்கின்றோம். அதற்குக் கைம்மாறாக இருபது போத்துகளை வேர்விடச் செய்து வைத்துள்ளோம். வேண்டுவோர் எடுத்துச் சென்று நடுக. ஊர் மாறிச் செல்லும்போது, அடுத்துக் குடிவருவோரிடம் ஒன்றை மட்டும் மறவாமல் சொல்லிச் செல்க: "தையில் வெட்டாதீர்."