குழந்தையின் மூச்சை எண்ணுங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வடநாட்டுக் குளிர்காலம் பிறந்துவிட்டால், நம் குடியிருப்பில் குழந்தையின் இருமல் கேளாத வீடு அரிது. ஊரிலாயின், அது ஜலதோஷமா மார்புச்சளியா என்று அருகிலிருந்து பார்த்துச் சொல்லப் பாட்டி இருப்பாள். இங்கோ இளந்தாய் தனித்திருக்கிறாள். அவளுக்குப் பயன்படும் எளிய அளவுகோல் ஒன்றைக் கூறவே வந்துள்ளேன்.

இளங்குழந்தைகளின் சளிக்கும் இருமலுக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ் கிருமிகளே. அவற்றுள் முக்கியமானது ஆர்.எஸ்.வி. என்பது. 1956-இல் அமெரிக்க ஆய்வுக்கூடமொன்றில் சளி கண்ட சிம்பன்சிக் குரங்குகளிடம் இது முதலில் அறியப்பட்டது. மறு ஆண்டே நோயுற்ற குழந்தைகளிடமும் கண்டறியப்பட்டது. இரண்டு வயது நிறைவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையேனும் இது பற்றுகிறது.

பெரியோர்க்கு மூக்கடைப்போடு நீங்கும் நோய், கைக்குழந்தைக்கு இடராவது ஏன்? அதன் நுரையீரற் சிறுகுழல்கள் மிகக் குறுகியவை. அவை சற்றே வீங்கிச் சளி அடைத்தாலும் காற்றுப் புக வழியின்றிக் குழந்தை திணறும்.

பென்சிலின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யா. ஆதலின் அவற்றைத் தாமே கடையில் வாங்கிக் கொடுத்தல் தகாது. தாய்ப்பாலை அடிக்கடி ஊட்டுங்கள். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தராதீர்கள்.

இனி அளவுகோலைக் கூறுகிறேன். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கையில், கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஓராண்டு வரை 50, அதன்மேல் 5 வயது வரை 40. இவ்வெண்ணை எட்டினாலோ மிஞ்சினாலோ மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலும், குழந்தை பால் குடிக்க இயலாது சோர்ந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். அப்போதே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வருமுன் காத்தலும் நம் கையில் உள்ளது. சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே குழந்தையைத் தொடுங்கள். சளி பிடித்தவர் முத்தமிடுதல் வேண்டா. மூடிய அறையில் கரிக்கணப்பும் புகையிலைப் புகையும் அறவே கூடா. 1960-களில் சோதித்த தடுப்பூசி நோயைக் கடுமையாக்கியது. ஆயினும் அறிஞர் முயற்சி தளரவில்லை. பிறக்கும் குழந்தையைக் காக்கக் கருவுற்ற தாய்க்கு இடும் தடுப்பூசி 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அன்பர்களே! பக்கத்து வீட்டில் இளந்தாய் ஒருத்தி இருமும் குழந்தையுடன் கலங்கி நின்றால், கடிகாரத்துடன் சென்று உடனிருந்து எண்ணுங்கள். உற்றார் தொலைவில் இருக்கும் இவ்விடத்தில் நாமே ஒருவர்க்கொருவர் உறவினர்.