கொடுத்த வாக்கும் போர்நிறுத்தமும்



போர்நிறுத்தம் என்னும் சொல்லைச் செய்தியிற் கேட்கும்போது யாவர் மனத்திலும் ஆறுதல் பிறக்கின்றது. இனிமேல் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவர், வயல் உழப்படும், வழி திறக்கப்படும் என்று நம்புகின்றோம். ஆனால், சில திங்கள் சென்றதும் அதே உடன்படிக்கை மீறப்பட்டது என்ற செய்தி வந்துவிடுகின்றது. முதலில் மீறியவர் யார் என்ற வழக்கு எழுகின்றது. இரு பகுதியாரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டுகின்றனர். வழக்குத் தீருமுன்னரே போர் மீண்டும் மூண்டுவிடுகின்றது.

உலகிற் செய்யப்பட்ட போர்நிறுத்தங்களுட் பல முறிந்ததற்கும் சில நிலைத்ததற்கும் காரணம் யாது? இவ்வினாவை ஆராய்வதற்கு மிகவும் வாய்ப்பான நாடு ஒன்று நமக்குக் கிழக்கே உள்ளது. அங்கே, ஒரே நிலத்தில், அதே இரு பகுதியாருக்கிடையே, மூன்று ஆண்டுக்குள் இரண்டு உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. முதலாவது ஆறு திங்களும் நிலைக்கவில்லை. இரண்டாவதோ இருபது ஆண்டு கடந்தும் நிலைத்து நிற்கின்றது. அந்நிலம் இந்தோனேசியக் குடியரசைச் சேர்ந்த அச்சே மாநிலமாகும். அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விரும்புகின்றேன்.

அச்சே, சுமாத்திராத் தீவின் வடமுனையில் உள்ளது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கூறும் இலாமுரிதேசம் இப்பகுதியே என்பது அறிஞர் கருத்து. பிற்காலத்தில் அங்கே வலிமைமிக்க சுல்தான்களின் அரசு நிலவியது. 1873ஆம் ஆண்டு ஒல்லாந்தர் அவ்வரசின்மீது படையெடுத்தனர். அப்போர் பல்லாண்டு நீடித்தது. அந்நியருக்கு எளிதிற் பணியாத மக்கள் என்ற பெயர் அச்சே மக்களுக்கு அக்காலத்திலேயே ஏற்பட்டது.

இந்தோனேசியா விடுதலை பெற்ற பின்னர் அச்சே மக்களின் மனக்குறை தீரவில்லை. 1953இல் தாவூது பெரூஏ என்னும் தலைவர் கிளர்ச்சி செய்தார். அதனைத் தணிக்கும்பொருட்டு, சமயம், வழக்காறு, கல்வி ஆகியவற்றில் அச்சேக்குத் தனியுரிமை உண்டு என்று 1959இல் நடுவணரசு வாக்களித்தது. அவ்வாக்கு ஏட்டளவில் நின்றது. அதனைக் காப்பதற்கு அமைப்பு எதுவும் இருக்கவில்லை. 1971இல் அங்கே பெருமளவு இயற்கைவாயு கண்டறியப்பட்டது. அதனாற் கிடைத்த செல்வம் தலைநகராகிய ஜகார்த்தாவுக்குச் சென்றது. 1976ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி, ஹசன் டி திரோ என்பவர் சுதந்திர அச்சே இயக்கத்தைத் தொடங்கினார். அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் போர் நடந்தது. மாண்டோர் தொகை ஏறத்தாழ 15,000 என்று மதிப்பிடப்படுகின்றது. அவருட் பெரும்பாலோர் படைக்கலம் ஏந்தாத பொதுமக்களாவர்.

இனி, முதலாவது உடன்படிக்கையைப் பார்ப்போம். ஜெனீவாவில் உள்ள ஹென்றி டுனான்ட் நிலையம் நடுநின்று முயன்றதன் பயனாக, 2002ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி இரு பகுதியாரும் பகைமை ஒழிப்பு உடன்படிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டனர். இரு பகுதியாரும் நடுவரும் சேர்ந்த கூட்டுப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. தாய்லாந்து, பிலிப்பைன்சு ஆகிய நாடுகளின் படையதிகாரிகள் அதில் இடம்பெற்றனர். தொடக்கத்தில் வன்செயல் வெகுவாகக் குறைந்தது. மக்கள் மகிழ்ந்தனர்.

எனினும், அவ்வுடன்படிக்கையில் இரண்டு பெருங் குறைகள் இருந்தன. அரசியற் பிரச்சினை தீர்க்கப்படாமலே பின்போடப்பட்டது முதலாவது குறை. ஒரே வாசகத்தை அரசாங்கம் ஒருவாறும் இயக்கத்தினர் வேறொருவாறும் பொருள்கொண்டனர். இயக்கத்தினர் விசேட தன்னாட்சியை ஏற்றுக்கொண்டுவிட்டனர் என்றது அரசாங்கம். விடுதலைக்கு இது முதற்படி என்றனர் இயக்கத்தினர். இரு பொருள்பட எழுதிய சொல், கையொப்பமிடும் நாளில் வசதியாயிருக்கும். அடுத்த நாள் முதல் அதுவே பூசலுக்கு வித்தாகும்.

இரண்டாவது குறை, படைக்கலங்களைப் பற்றியது. குறித்த இடங்களில் அவற்றை வைத்துவிட வேண்டும், இராணுவமும் தற்காப்பு நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று உடன்படிக்கை கூறியது. எத்தனை துப்பாக்கிகள், எத்தனை படையினர் என்ற கணக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கவில்லை. மீறியவரைத் தடுக்கும் வலிமை கூட்டுக் குழுவுக்கும் இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அக்குழுவின் அலுவலகங்களே தாக்கப்பட்டன. மே மாதத்தில் தோக்கியோவில் நடந்த இறுதிப் பேச்சு முறிந்தது. மே 19ஆந் திகதி அச்சேயில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. போர் முன்னிலும் கடுமையாக மூண்டது.

நேயர்களே, அடுத்த ஆண்டின் இறுதியில் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை, முதலில் அச்சேயை அழித்துப் பின்னர் நம் கரைகளுக்கும் வந்தது. அச்சேயில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அப்பேரழிவே சமாதானத்தைக் கொண்டுவந்தது எனப் பலர் கூறுவர். அது முழு உண்மையன்று. அலை எழுவதற்கு முன்னரே இரு பகுதியாருக்கும் இடையே இரகசியத் தொடர்பு தொடங்கியிருந்தது. அவ்வாண்டிற் பதவிக்கு வந்த சனாதிபதி சுசிலோ பம்பாங் யுதயோனோவும் துணைச் சனாதிபதி யூசுப் கல்லாவும் பேச்சையே விரும்பினர். இராணுவச் சட்டக் காலத்தில் இயக்கமும் பெரிதும் நலிந்திருந்தது. ஆழிப்பேரலை, ஏற்கெனவே பழுத்துவந்த எண்ணத்தை விரைவுபடுத்தியது எனலாம்.

2005ஆம் ஆண்டு சனவரி மாதம் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரிற் பேச்சுத் தொடங்கியது. அந்நாட்டின் முன்னாட் சனாதிபதி மார்ட்டி அஹ்திசாரி நடுவராக அமர்ந்தார். எல்லாம் உடன்பாடாகும் வரை எதுவும் உடன்பாடானதாகக் கொள்ளப்படாது என்பது அவர் வகுத்த விதி. முதலிற் போர்நிறுத்தம், பின்னர் அரசியற் பேச்சு என்ற முன்னைய ஒழுங்கு கைவிடப்பட்டது. அரசியல், பொருளாதாரம், பொதுமன்னிப்பு, ஆயுதக் களைவு யாவும் ஒன்றாகவே பேசப்பட்டன. இம்முறைக்கு ஒரு விலையும் இருந்தது. பேச்சு நடந்த திங்கள்களிலும் அச்சேயின் மலைப்புறங்களிற் சண்டை ஓயவில்லை. அக்காலத்தில் இறந்தோரை நாம் மறத்தல் ஆகாது.

பெப்ரவரியில் நடந்த இரண்டாவது சுற்றில் இயக்கத்தினர், தனிநாட்டுக் கோரிக்கையை விடுத்துத் தன்னாட்சியைப் பற்றிப் பேச முன்வந்தனர். நடுவணரசும் அச்சேயில் உள்ளூர் அரசியற் கட்சிகள் இயங்குவதற்கு இடமளிக்க இசைந்தது. எண்ணெய், இயற்கைவாயு முதலியவற்றின் வருமானத்தில் நூற்றுக்கு 70 வீதம் அச்சேக்கு உரியது என எழுதப்பட்டது. ஐந்து சுற்றுப் பேச்சின் முடிவில், ஆகஸ்டு 15ஆந் திகதி புரிந்துணர்வு உடன்படிக்கை கையொப்பமாயிற்று.

அவ்வுடன்படிக்கை எவ்வாறு எழுதப்பட்டது என்பதே நாம் உற்றுநோக்க வேண்டியது. இயக்கம் 3,000 வீரரைக் கலைக்க வேண்டும். 840 படைக்கலங்களைக் கையளிக்க வேண்டும். செப்டெம்பர் 15 முதல் டிசெம்பர் 31 வரை நான்கு கட்டங்களில் இது நடைபெற வேண்டும். அதே நான்கு கட்டங்களில், வெளியிலிருந்து வந்த இராணுவமும் பொலிசும் அச்சேயைவிட்டு நீங்க வேண்டும். எஞ்சி நிற்கும் படையினர் 14,700 பேருக்கும், பொலிசார் 9,100 பேருக்கும் மேற்படலாகாது. சிறையிலுள்ளோர் பதினைந்து நாட்களுக்குள் விடுவிக்கப்பட வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு வாக்குக்கும் ஓர் எண்ணும் ஒரு நாளும் குறிக்கப்பட்டன.

இதனை மேற்பார்வை செய்ய ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஆசியான் அமைப்பைச் சேர்ந்த ஐந்து நாடுகளையும் சார்ந்த இருநூறுக்கு மேற்பட்டோர் வந்தனர். அவர்கள் படைக்கலம் ஏந்தவில்லை. ஆயினும், பிணக்கு எழுந்தால் தீர்ப்புக் கூறும் உரிமை அவர்களின் தலைவருக்கு இருந்தது. அத்தீர்ப்பு இரு பகுதியாரையும் கட்டுப்படுத்தும். அவராலும் தீராதது அஹ்திசாரியிடம் செல்லும். அவர் சொல்லே முடிவு. இரு பகுதியாரும் வாரந்தோறும் ஒரே மேசையில் அமர்ந்து முறைப்பாடுகளை ஆராய்ந்தனர். கையளிக்கப்பட்ட துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. பழுதானவை கணக்கிற் சேர்க்கப்படவில்லை. ஏற்கப்பட்டவை பலர் காண அறுத்துத் துண்டாக்கப்பட்டன. ஒரு கட்டம் நிறைவேற, அதற்கேற்பப் படையினரும் கப்பலேறினர். டிசெம்பர் 19ஆந் திகதி 840 என்ற எண் நிறைவெய்தியது. வெளியிலிருந்து வந்த படையினர் ஆண்டிறுதியை ஒட்டி முற்றாக நீங்கினர்.

ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். இரு மாணவர் பூசலிட்டால், இனி ஒழுங்காக நடப்போம் என்று அவர்கள் சொல்வதைக்கொண்டு நல்லாசிரியர் அமைவதில்லை. எடுத்த புத்தகத்தை நாளைக் காலை மணியடிக்குமுன் இன்னாரிடம் கொடுக்க வேண்டும் என்பார். அவ்வேளையில் வாயிலில் நின்று பார்த்தும் கொள்வார். மாணவர்மீது நம்பிக்கை இல்லாமையால் அவர் அங்ஙனம் செய்வதில்லை. சிறு வாக்கு ஒன்று பலர் காணக் காக்கப்பட்டால் அடுத்த வாக்குக்கு நம்பிக்கை தானே பிறக்கும் என்பதை அவர் அறிவார். நம்பிக்கை வந்தபின் உடன்படிக்கை செய்வோம் எனக் காத்திருப்போர் என்றும் காத்திருக்க வேண்டியதே. அச்சேயில் நம்பிக்கை பின்னர்தான் வந்தது. 2006ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆந் திகதி நடந்த தேர்தலில், இயக்கத்தைச் சேர்ந்தவரும் ஆழிப்பேரலை நாளிற் சிறையிலிருந்து தப்பியவருமான இர்வாண்டி யூசுப் ஆளுநராகத் தெரிவுசெய்யப்பட்டார். சில நாட்களில் மேற்பார்வையாளர் தம் பணி முடித்துத் திரும்பினர்.

இவ்விடத்தில் நம் நாட்டை நினையாதிருத்தல் இயலாது. 2002ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இங்கும் ஒரு போர்நிறுத்த உடன்படிக்கை செய்யப்பட்டது. நோர்வே நடுநின்றது, வடஐரோப்பியக் கண்காணிப்பாளர் வந்தனர். வீதிகள் திறந்தன, பிரிந்த உறவினர் கூடினர். ஆனால், அரசியற் தீர்வுபற்றிய பேச்சு 2003இலே தடைப்பட்டது. அதன்பின் மீறல்கள் ஏட்டில் எழுதப்பட்டனவேயன்றித் தடுக்கப்படவில்லை. அதே ஆழிப்பேரலை நம்மையும் தாக்கியது. நிவாரணத்துக்கென 2005ஆம் ஆண்டு சூன் மாதத்திற் கையொப்பமான கூட்டமைப்புச் செயற்படவேயில்லை. 2008 சனவரியிற் போர்நிறுத்தம் முடிவுற்றது. 2009 மே மாதம் வரை நடந்த போரின் துயரை நான் விரிக்க வேண்டியதில்லை. காரணங்கள் பல. இரு நாட்டு நிலைமைகளும் ஒன்றல்ல. குற்றத்தை ஒருவர் தலையிற் சுமத்துவது இப்பேச்சின் நோக்கமுமன்று. அரசியல் அடிப்படை முடிவாகாத போர்நிறுத்தம், கண்காணிப்பாளர் இருந்தும், நாளடைவில் தேய்ந்துவிடும் என்பதற்கு அச்சேயின் முதலாவது உடன்படிக்கையும் நமது உடன்படிக்கையும் சான்றாகின்றன.

அச்சேயில் எல்லாம் நிறைவேறிவிட்டன என்று எண்ணுதலும் தவறு. மனித உரிமை நீதிமன்றம் அமைக்கப்படும், உண்மைக்கும் நல்லிணக்கத்துக்கும் ஆணைக்குழு அமைக்கப்படும் என்று ஹெல்சிங்கி உடன்படிக்கை கூறியது. அவ்விரண்டுக்கும் நாள் குறிக்கப்படவில்லை. ஆட்சிச் சட்டத்துக்கும் தேர்தலுக்கும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. அவை சில திங்கள் தாமதித்தாயினும் நிறைவேறின. நாள் குறிக்காத வாக்குகளின் கதி வேறு. உண்மை ஆணைக்குழுவின் உறுப்பினர் 2016ஆம் ஆண்டிலேதான் பதவியேற்றனர். 2006ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்தைப் பற்றிக் கூறியபோதும், அச்சட்டத்துக்கு முன் நிகழ்ந்தவற்றை விசாரிக்கும் அதிகாரத்தை அதற்கு அளிக்கவில்லை. அந்நீதிமன்றமோ இன்னும் அமையவேயில்லை. துப்பாக்கிகளை ஒன்று விடாமல் எண்ணியோர், காணாமற்போன மக்களை எண்ணுவதைப் பின்போட்டனர். மகன் என்னவானான் என்று கேட்கும் தாய்க்கு அவ்வுடன்படிக்கை இன்னும் கடன்பட்டேயிருக்கின்றது.

வள்ளுவப் பெருந்தகை தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பாரதக் கதையிலோ கண்ணபிரானின் தூது பயனின்றிப் போனது. தூதின் அருமையை நம் மக்கள் நெடுங்காலமாக அறிவர். தூதின் முடிவில் எழுதப்படும் ஓலையிலும் நாம் கண்வைத்தல் வேண்டும். இனிமேல் எந்நாட்டிலேனும் சமாதான உடன்படிக்கை ஒன்று கையொப்பமாயிற்று என்ற செய்தி வந்தால், தலைவர்கள் கைகுலுக்கும் படத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்நாளுக்குள், எத்தனை, யார் பார்ப்பது, பிணக்கை யார் தீர்ப்பது என்ற நான்கையும் கேளுங்கள். போரில் இழந்தோருக்கு உரிய பங்கிலும் அந்நான்கும் எழுதப்பட்டுள்ளனவா என்பதை மறவாது பாருங்கள்.