மார்க்கெட்டா, ஆட்டுத்தொட்டியா? ஆர்தர் கிராஃபோர்டு விட்டுச்சென்றது எது

    

பம்பாயின் முதல் முனிசிபல் கமிஷனர் ஆர்தர் கிராஃபோர்டைப் பற்றி உங்களுக்குப் பாதி தெரியும். 1865 முதல் 1871 வரை பதவியில் இருந்தவர். என் சக ஆய்வாளர்கள் அவர் விஷயத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவர் மார்க்கெட் கட்டிய மகராசன். 1869-இல் எழுந்த கட்டடம், வில்லியம் எமர்சனின் வரைபடம், வாசலுக்கு மேலே லாக்வுட் கிப்ளிங்கின் சிற்பங்கள் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். இன்னொரு கட்சிக்கு அவர் 1888-இல் லஞ்சப் புகாரில் மாட்டிய ஆள். இருபது ஆண்டாக இரு தரப்போடும் எனக்கு வழக்கு. மார்க்கெட்டுக்கு மகாத்மா ஜோதிபா ஃபுலே பெயரை வைத்தாயிற்று. டாக்ஸிக்காரர் மட்டும் இன்னும் கிராஃபோர்ட் என்கிறார். அதனால் நமக்கு என்ன? அவர் செய்ததில் நம் தமிழ்ச் சனத்தின் தலையெழுத்தை மாற்றியது வேறொன்று: ஆட்டுத்தொட்டியை ஊருக்கு வெளியே தள்ளியது.

அவர் காலத்தில்தான் பம்பாய்த் தீவுக்குள் நடந்த ஆடுமாடு அறுப்பு, மாஹிம் கழி தாண்டி பாந்த்ராவுக்குப் போனது. பாந்த்ரா அன்று ஊர் எல்லைக்கு அப்பால், சால்செட்டில். நாற்றம் அக்கரைக்கு, இறைச்சி இக்கரைக்கு. சுகாதாரம் என்று சொன்னார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் கோப்பில் இறைச்சிக்குத்தான் இடம் இருந்தது, தோலுக்கு இல்லை. உரித்த தோல் அந்தந்த நாளே உப்பைப் பார்த்தாக வேண்டும். உப்புப் போட்டால் தாங்கும். பிறகு சுண்ணாம்பு, மயிர் நீக்கல், பட்டைத் தண்ணீர். இத்தனைக்கும் தண்ணீர் வேண்டும், காலி நிலம் வேண்டும், மூக்கைப் பொத்தாத அக்கம்பக்கம் வேண்டும். பாந்த்ராவுக்கு எதிர்க்கரையில் இவை மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. கோலி மீனவர்களின் தாராவி அது.

1887 வாக்கில் அங்கே முதல் தோல் பதனிடும் கூடம் வந்ததாகச் சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் வந்தார்கள். அதே சீமையிலிருந்து ஆதிதிராவிடக் குடும்பங்கள் கூலிக்கு வந்தன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கை அறிந்தவர்கள். “நம்மவர்கள் துணிந்து வந்து தொழிலை உண்டாக்கினார்கள்” என்று நண்பர்கள் விழா மலர்களில் எழுதுகிறார்கள். துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் தொட்டி தீவுக்குள்ளேயே பைகுல்லாவுக்கு நகர்ந்திருந்தால் நம்மவர்களும் பைகுல்லாவில்தான் குடியேறியிருப்பார்கள். இதைச் சொன்னதற்காகத்தான் ஒரு கருத்தரங்கில் என்னை இனத்துரோகி என்றார்கள்.

எழுபதுகளில் தாராவியில் ஓர் உப்புக் கிடங்கில் நான் நின்று பார்த்திருக்கிறேன். கிழவர் ஒருவர் தோலை மயிர்ப்பக்கம் தரையில் படும்படி விரித்தார். நடுவில் ஒரு வீச்சு உப்பு. கழுத்துக்கும் ஓரங்களுக்கும் மட்டும் குனிந்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். ஏன் என்று கேட்டேன். தடித்த இடத்தில்தான் புழு முதலில் குடியேறும் என்றார். அவருடைய விரலிடுக்குகள் வெந்து வெளுத்திருந்தன. கிராஃபோர்டின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஆனால் அந்த உப்பு கிராஃபோர்டு போட்ட உப்பு.

1950-இல் நகர எல்லை விரிந்தது. பாந்த்ராவும் செம்பூரும் உள்ளே வந்தன. வெளியே தள்ளியது மறுபடி ஊருக்குள் ஆகிவிட்டது. 1971-இல் தொட்டி நாம் கூடியிருக்கும் இந்தத் தேவ்நாருக்கு வந்தது, தோல் கூடங்களையும் பின்னாலேயே விரட்டினார்கள். பல மூடின, உப்பிட்ட தோல் சென்னைக்கு லாரி ஏறியது. இந்தப் பக்கத்துக்குக் குப்பை அதற்கும் முன்பே வந்துவிட்டது: செம்பூர்ச் சதுப்பில் 823 ஏக்கரை முனிசிபாலிட்டி 1897-இல் வாங்கி, 1899-இலிருந்து ரயிலில் கொண்டுவந்து கொட்டியது. தேவ்நார்க் குப்பைமேடு 1927. அதை விரிக்க நேரமில்லை.

கிராஃபோர்டின் பதவி முடிந்த 1871 பற்றி இரண்டு வார்த்தை. 1865-இல் பருத்தி மோகம் சரிந்து பங்குக்காரர்கள் ஓட்டாண்டியான அதே ஆண்டில் பதவியேற்று, கையை வீசிச் செலவழித்தார். வரி கட்டியவர்கள் கொதித்தார்கள். அப்போது 26 வயது பெரோஸ்ஷா மேத்தா எழுந்து, குறை கமிஷனரிடம் இல்லை, அவரைக் கேள்வி கேட்க மக்கள் தேர்ந்தெடுத்த சபை இல்லாததுதான் குறை என்றார். கூட்டம் அவரைக் கூவி அடக்கியது. 1872 சட்டத்தில் தேர்தல் வந்தது. 1888 விவகாரத்தில் விசாரணைக் குழு லஞ்சக் குற்றச்சாட்டிலிருந்து கிராஃபோர்டை விடுவித்தது. கீழதிகாரிகளிடம் கடன் வாங்கியதற்காக வேலை போனது. லஞ்சம் கொடுத்ததாகச் சாட்சி சொன்ன மாம்லத்தார்கள் எனும் வட்டார வருவாய் அதிகாரிகளின் பக்கம் திலகர் நின்றார். இதுவே தனிப் பேச்சுக்கு ஆகும்.

இளைஞர்கள் செய்ய வேண்டியவை: 1871-இன் மராத்தி, குஜராத்திப் பத்திரிகைகளை யாராவது உட்கார்ந்து படிக்கட்டும். மார்க்கெட் கோப்பையும் பாந்த்ராத் தொட்டிக் கோப்பையும் பக்கத்தில் வைத்துச் செலவை ஒப்பிடட்டும். ஜோதிபா ஃபுலே புணே நகரசபையில் உறுப்பினராக இருந்தவர். அவரையும் கிராஃபோர்டையும் ஒப்பிடுவதும் பாக்கி. உப்பு போட்ட கைகளில் மிச்சம் இருப்பவர்கள் இந்த வட்டாரத்தில் சிலர் உண்டு, அவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். நேரம் முடிந்ததென்று கூட்டப் பொறுப்பாளர் இரண்டாவது சீட்டையும் நீட்டிவிட்டார். கேள்விகளைக் கேளுங்கள்.